கொடியேற்றத்துக்கு முந்தைய நாளும் மறுநாளும்

பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருப்பவருக்கு, நியமன உத்தரவில் எழுதாத வேலைகள் நிறைய உண்டு. கொடிக்கம்பம் அதில் ஒன்று. நான் சேர்ந்த வருடமே தலைமையாசிரியர் "அதெல்லாம் பி.டி. சார் பாத்துப்பார்" என்று சொல்லிவிட்டார். ஓய்வு பெறும்வரை நான்தான் பார்த்தேன். பிறகு குடிவந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் எப்படியோ விஷயம் கசிந்து, குடியிருப்போர் சங்கத்தின் கொடியேற்றமும் என் பொறுப்புக்கு வந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, பிடித்த வேலைதான். ஆனால் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் யாராவது போன் செய்து, "சார், எங்க தெருவுல கொடியேத்தறோம், என்னென்ன பார்க்கணும்?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் துண்டு துண்டாகச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எல்லோரும் விழா நடக்கும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். உண்மையில் அந்தப் பத்து நிமிடம் தானாகவே நடந்துவிடும். கொடிக்கு அவமரியாதை நேர்வதெல்லாம் பெரும்பாலும் அதற்கு முன்னால் பார்க்காமல் விட்டதாலும், பின்னால் மறந்துபோவதாலும்தான்.

வாங்குவதிலிருந்து தொடங்குகிறேன். நம் தேசியக் கொடியின் நீளமும் உயரமும் 3:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். 6300க்கு 4200 மில்லிமீட்டரில் ஆரம்பித்து, மேசையில் வைக்கும் 150க்கு 100 வரை ஒன்பது அளவுகள் வகுத்திருக்கிறார்கள். எங்கள் குடியிருப்பில் இருப்பது இருபது அடிக் கம்பம். அதற்கு 1350க்கு 900, அதாவது நாலரை அடிக்கு மூன்றடிக் கொடி பொருத்தமாக இருக்கிறது. சின்னக் கம்பத்தில் பெரிய கொடி கட்டினால் காற்று இல்லாத காலை நேரத்தில் கம்பத்தோடு ஒட்டித் தொங்கும். பால்கனிக்கு 900க்கு 600 போதும்.

கடையில் கொடியை மடித்த நிலையில் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அங்கேயே இரண்டு பேர் பிடித்து விரித்துப் பாருங்கள், தரையில் படாமல். அசோகச் சக்கரம் வெள்ளைப் பட்டையின் நடுவில், கருநீலத்தில், இரண்டு பக்கமும் தெரிகிறதா? ஆரங்கள் இருபத்து நான்கா? சீசன் நேரத்தில் தெருவோரத்தில் வரும் கொடிகளில் ஆரங்களை எண்ணிப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். சக்கரம் முட்டை வடிவத்தில் இருக்கும் கொடிகளும் வருகின்றன. மூன்று பட்டைகளும் ஒரே அகலமா என்பதையும் பார்க்க வேண்டும். காவி சில சமயம் சிவப்பாகவே இருக்கும்.

முன்பெல்லாம் கையால் நூற்று, கையால் நெய்த துணியில்தான் கொடி செய்யலாம் என்று இருந்தது. 2021 டிசம்பர் 30 அன்று கொடி விதித் தொகுப்பைத் திருத்தி, இயந்திரத்தில் செய்ததையும் பாலியஸ்டரையும் அனுமதித்தார்கள். அதற்கடுத்த ஆகஸ்டில் 'இல்லந்தோறும் மூவர்ணக் கொடி' என்ற இயக்கம் நடந்தபோது, அஞ்சலகங்களில் 25 ரூபாய்க்குக் கொடி கிடைத்தது. எங்கள் குடியிருப்பிலும் பலர் வாங்கினார்கள். வீட்டுக்கு வீடு கொடி வந்தது நல்ல விஷயம்தான், ஆட்சேபம் இல்லை. ஆனாலும் சங்கத்தின் கம்பத்துக்குக் கதர்க் கொடிதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கிறேன். அதற்குக் காரணம் கடைசியில் வருகிறது. கதர்க் கொடிக்கு ஊர் சர்வோதய சங்கக் கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட வேண்டும். ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி போய் நின்றால் 'தீர்ந்துபோச்சு சார்' என்பார்கள். கதர்க் கொடி தயாரிப்புக்குப் பெயர் போனது கர்நாடகத்தின் ஹூப்ளி. இந்தியத் தர நிர்ணயங்களில் 1 என்ற எண்ணைப் பெற்றிருப்பது தேசியக் கொடிக்கான தர நிர்ணயம்தான் என்பதைப் பள்ளியில் பிள்ளைகளிடம் சொன்னால் கண்ணை விரிப்பார்கள்.

அடுத்தது கம்பமும் கயிறும். விழா சொதப்பும் இடம் பெரும்பாலும் இதுதான்.

கம்பத்தின் உச்சியில் இருக்கும் கப்பியை வருடத்தில் இரண்டு நாள் தவிர யாரும் நினைப்பதில்லை. மழையில் நனைந்து துருப்பிடித்து, விழாவன்று கயிறு பாதியில் நின்றுவிடும். குறைந்தது ஒரு வாரம் முன்னால் ஆள் ஏற்றி எண்ணெய் விடுங்கள். கப்பியின் பள்ளத்தைவிடக் கயிறு தடிமனாக இருந்தால் பக்கவாட்டில் விழுந்து சிக்கிக்கொள்ளும். கீழே நின்று எவ்வளவு ஆட்டினாலும் வராது. பருத்திக் கயிறு மழையில் ஊறிப் பருத்துவிடும். வழவழப்பான நைலான் கயிற்றில் முடிச்சு நிற்காது. பின்னல் போட்ட மெல்லிய செயற்கை இழைக் கயிறுதான் எனக்கு ஒத்துவந்தது. கம்பத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் நாலைந்து அடி கூடுதலாக வாங்க வேண்டும். இரண்டு முனைகளையும் எப்போதும் சேர்த்துக் கட்டியே வையுங்கள். ஒரு முனை கைநழுவி மேலே ஏறிவிட்டால் அன்றைக்குக் கம்பமே படுத்துவிட்டது என்று அர்த்தம்.

முந்தைய நாள் மாலை ஒத்திகை பார்க்கும்போது நான் கொடியைக் கட்டுவதில்லை. ஏறக்குறைய அதே அளவில் ஒரு துண்டைக் கட்டி மேலே ஏற்றி இறக்கிப் பார்ப்பேன். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். வாட்ச்மேன் ஒருமுறை, "சார், துண்டைக் காயப்போட இவ்ளோ உசரமா?" என்று கேட்டார். சிரித்துவிட்டுப் போகட்டும், கோளாறு அன்றே தெரிந்துவிடுகிறது.

தலைகீழாகக் கட்டுவது எப்படி நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புரியாது. 'காவி மேலே, இதுகூடவா தெரியாது' என்பார்கள். மடித்துச் சுருட்டிய கொடியில் எந்த முனை காவி என்று தெரியாது, அவ்வளவுதான் விஷயம். தரமான கொடியில் கம்பத்தை ஒட்டி வரும் ஓரத்தில் கயிற்றை உள்ளே வைத்துத் தைத்திருப்பார்கள், மேல் முனையில் சின்ன மரக்கட்டை ஒன்று இருக்கும். அதைப் பார்த்துக் கட்டினால் தப்பாது. மலிவான கொடிகளில் இரண்டு முனையும் ஒரே மாதிரி நாடாவாக இருக்கும். அப்படிப்பட்ட கொடி என்றால் வாங்கிய அன்றே காவிப் பக்க நாடாவில் ஒரு சிவப்பு நூலைச் சுற்றிவிடுங்கள். அப்புறம் இருட்டில்கூடக் கட்டலாம்.

கொடியை விரித்தபடியே கீழிருந்து ஏற்றலாம், அல்லது பூவை உள்ளே வைத்து மடித்து உச்சியில் கட்டிவைத்து, கயிற்றை இழுத்து அவிழ்க்கலாம். விருந்தினர்களுக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், தலைமேல் பூ கொட்டும், போட்டோ நன்றாக வரும். குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் உள்ளே பூவிதழ் வைக்க விதியிலும் தடையில்லை. என்னைக் கேட்டால் முதல் முறைதான் அழகு. ஏற்றும்போது விறுவிறுவென்று ஏற்ற வேண்டும், இறக்கும்போது நிதானமாக இறக்க வேண்டும் என்று விதித் தொகுப்பு சொல்கிறது. அந்த விறுவிறுப்பைப் பார்க்கும்போது பிள்ளைகள் தானாக நிமிர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

பூதான் வேண்டும் என்று குழு முடிவெடுத்துவிட்டால், காலையில் வாங்கிய ஈரப் பூவை அப்படியே வைக்காதீர்கள். ரோஜா இதழ் ஈரமாக இருந்தால் வெள்ளைப் பட்டையில் கறை ஏறும், இதழ்களும் துணியோடு ஒட்டிக்கொண்டு கொடி விரியாது. முந்தைய இரவே உதிர்த்து, காகிதத்தில் பரப்பி உலரவிடுங்கள். ஒரு கைப்பிடி போதும். இழுத்தால் அவிழும் முடிச்சு ஒரே ஒரு சுற்றுதான் இருக்க வேண்டும். 'அவிழ்ந்துடுமோ' என்று பயந்து இன்னொரு சுற்றுப் போடுகிறவர்தான் விழாவைக் கெடுப்பவர். இழுக்க வேண்டிய கயிற்றை மட்டும் விருந்தினர் கையில் கொடுத்து, மற்றதை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அவர் கையில் கொடுத்தால் கண்டிப்பாகத் தவறான கயிற்றைத்தான் இழுப்பார். இது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கம்பத்துக்கு மாலை போடுவது, உச்சியில் பூங்கொத்து செருகுவது இரண்டும் கூடாது. கொடி பறக்கும் கம்பத்தின்மீதோ அதற்கு மேலோ பூ, மாலை, சின்னம் எதுவும் இருக்கக் கூடாது என்பது விதி. நம் ஊரில் எதற்கும் மாலை போட்டுப் பழகிவிட்டோம், அதனால் இதைச் சொன்னால் முகம் சுருங்கும். கம்பத்தைச் சுற்றிக் கீழே பூ அலங்காரம் செய்யச் சொல்லிச் சமாளிப்பேன். கோலம் போடுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஆர்வத்தில் கம்பத்தின் அடியிலேயே சக்கரத்தோடு மூவர்ணக் கொடியைக் கோலமாகப் போடுவார்கள். அரை மணி நேரத்தில் எல்லோரும் அதன்மேல்தான் நடப்பார்கள். "மயில் போடுங்கம்மா, தாமரை போடுங்கம்மா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. செருப்பைக் கழற்ற வேண்டும் என்று விதியில் இல்லை. கழற்றுகிறவர்களைத் தடுக்கவும் வேண்டாம்.

கொடி ஏறும்போது எல்லோரும் கொடியைப் பார்த்து நேராக நிற்க வேண்டும், சீருடையில் இருப்பவர்கள் வணக்கம் செலுத்த வேண்டும். இப்போதெல்லாம் பாதிப் பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவரைப் படமெடுக்கச் சொல்லி, மற்றவர்களைப் போனைப் பையில் போடச் சொன்னால் பெரும்பாலும் கேட்கிறார்கள். நாட்டுப்பண்ணை எந்தப் போனில் ஒலிக்கவிடுகிறீர்களோ அதை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். 52 விநாடிப் பாட்டுக்கு நடுவில் கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்பு ஒலிபெருக்கியில் வந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாயால் பாடுவதே உத்தமம். உரக்கத் தொடங்க ஒரு குரல் இருந்தால் போதும்.

மேடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொடிகாத்த குமரன் பெயர் வராத சுதந்திர நாள் உரையை நான் கேட்டதில்லை. 1932இல் திருப்பூரில் அடிபட்டு விழுந்தபோதும் கொடியைக் கைவிடாதவர் அவர். அவரைப் பற்றி உணர்ச்சி பொங்கப் பேசிக்கொண்டிருக்கும்போதே, மைக் வைத்த மேசைக்கு விரிப்பாகக் கொடியையே போட்டிருந்த விழாக்களைப் பார்த்திருக்கிறேன். மேசைக்கோ சிலைக்கோ கல்வெட்டுக்கோ கொடியைப் போர்வையாகப் போடக் கூடாது. பொருளைச் சுற்றி எடுத்துப்போகவும் கூடாது. மேடையில் கொடி வைப்பதானால், கூட்டத்தைப் பார்த்து நிற்கும் பேச்சாளரின் வலது பக்கம் வையுங்கள், அல்லது அவருக்குப் பின்னால் தலைக்கு மேலே சுவரில் விரித்து மாட்டுங்கள். நீளவாட்டில் மாட்டினால் காவி மேலே. செங்குத்தாகத் தொங்கவிட்டால் பார்ப்பவரின் இடது கைப் பக்கம் காவி வர வேண்டும். இந்த இரண்டாவதைப் பந்தல்காரர்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சங்கக் கொடி, மன்றக் கொடி என்று வேறு கொடிகள் இருந்தால் அவற்றுக்குத் தனிக் கம்பம் வேண்டும். தேசியக் கொடியோடு ஒரே கம்பத்தில் இன்னொரு கொடி சேரக் கூடாது, அதைவிட உயரமாகவும் எதுவும் நிற்கக் கூடாது. குட்டிக் கொடிகளைக் கோத்துத் தோரணம் கட்டுவதும் விதிக்கு ஒத்துவராது. சக்கரம் இல்லாத வெறும் மூன்று நிறக் காகிதத்தில் நாங்கள் தோரணம் கட்டுகிறோம்.

வீட்டில் கொடி வைப்பவர்கள் இப்போது அதிகம். அந்த உரிமை அவ்வளவு பழையதல்ல. வருடம் முழுக்கப் பொதுமக்கள் கொடி பறக்கவிட வழி திறந்தது 2002 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த விதித் தொகுப்பில்தான். நவீன் ஜிண்டால் என்ற தொழிலதிபர் தன் ஆலையில் கொடி ஏற்றியதை அதிகாரிகள் தடுத்ததால் நீதிமன்றம் போனார். மரியாதையோடு கொடியைப் பறக்கவிடுவது கருத்துரிமையின் பகுதி என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஜூலையில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, வீட்டிலோ திறந்தவெளியிலோ இரவும் பகலும் கொடி பறக்கலாம்.

இந்தக் கடைசித் திருத்தத்தைப் பலர் 'இனிமேல் இறக்கவே வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டார்கள். கிழிந்த, நைந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது என்ற விதி அப்படியேதான் இருக்கிறது. ஆகஸ்டில் கட்டிய கொடியை ஐப்பசி மழை முடியும்வரை பால்கனியில் விட்டுவைத்தால், காற்றில் அடித்துக்கொள்ளும் ஓரம் நூல் நூலாகப் பிரிந்துவிடும், காவி வெளுத்து மஞ்சளாகும். எங்கள் வளாகத்தில் நவம்பரில் ஒரு சுற்று வந்தால் அப்படி நாலைந்து பால்கனிகள் இருக்கும். கதவைத் தட்டி, "தம்பி, கொடி கொஞ்சம் நைஞ்சிருக்கு, எடுத்துக் கொடுத்தா நான் பாத்துக்கறேன்" என்றால் யாரும் மறுப்பதில்லை. வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுக் கண்டித்தால்தான் சண்டை வரும். இரவும் பகலும் வைக்க விரும்பினால் வாரத்துக்கு ஒரு தடவை கிட்டப்போய்ப் பாருங்கள். அது முடியாது என்றால் மூன்று நாள் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள்.

வாகனத்தில் கொடி வைக்கும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர்கள் போன்ற குறிப்பிட்ட பதவியில் இருப்பவர்களுக்குத்தான். பைக்கில் கட்டிக்கொண்டு சுற்றுகிற பையன்களிடம் இதைச் சொன்னால் நம்மைத் தேசவிரோதி மாதிரி பார்க்கிறார்கள். காகிதக் கொடியைக் கையில் பிடித்து அசைத்துவிட்டுப் போகச் சொல்கிறேன்.

மாலைக்கு வருவோம். காலையில் கூட்டமாக இருந்த இடத்தில் மாலையில் ஆளே இருக்காது. யார் இறக்குவது என்பதைக் காலையிலேயே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். 'யாராவது இறக்கிடுவாங்க' என்றால் மூன்றாம் நாள்தான் இறங்கும். இறக்க இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கயிற்றுக்கு, ஒருவர் கொடி தரையைத் தொடுமுன் கையில் வாங்க. மடிக்கும்போது காவியையும் பச்சையையும் வெள்ளைக்குப் பின்னால் மடித்து, பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் உள்நோக்கி மடித்தால் சக்கரமும் காவி, பச்சை ஓரங்களும் மட்டும் தெரியும். அதை உள்ளங்கைகளில் ஏந்தி எடுத்துப்போக வேண்டும். நனைந்திருந்தால் மடிக்காதீர்கள். நிழலில் துணி காயப்போடும் கயிற்றில் விரித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு பீரோவில் வைத்த கொடியில் பச்சை வெள்ளையில் இறங்கிவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. காய்ந்ததும் வெள்ளைத் துணியில் சுற்றி, மேலே எதையும் அடுக்காமல் வையுங்கள்.

மறுநாள் காலையில் நான் ஓர் அட்டைப்பெட்டியோடு ஒரு நடை போவேன். காகிதக் கொடிகள் படிக்கட்டில், பூந்தொட்டியில், கார் நிறுத்தும் இடத்தில் என்று எங்கெங்கோ கிடக்கும். பிள்ளைகளையும் கூட்டிப்போனால் அவர்களுக்கு அது ஒரு போட்டி. விழா நடக்கும் இடத்தின் வாசலிலேயே பெட்டியை வைத்து, 'கொடிகளை இதில் போடவும்' என்று எழுதிவிட்டால் வேலை பாதியாகும். பிளாஸ்டிக் கொடியை மட்டும் வளாகத்துக்குள்ளேயே விடாதீர்கள். அது மக்காது, சாக்கடையில் போய்த்தான் சேரும். உள்துறை அமைச்சகமும் பிளாஸ்டிக் கொடி வேண்டாம் என்று மாநிலங்களுக்குச் சொல்லிவருகிறது.

பழுதான கொடியை என்ன செய்வது? துண்டு துண்டாக வெட்டக் கூடாது, குப்பையில் போடக் கூடாது, வண்டி துடைக்கக் கொடுக்கவே கூடாது. முழுதாக, தனிமையில், மரியாதையான முறையில் அழிக்க வேண்டும், எரிப்பது உகந்தது என்கிறது விதி. அந்தத் 'தனிமையில்' என்பது முக்கியம். பொது இடத்தில் கொடியை எரிப்பது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆகவே மொட்டைமாடியில் எரித்து வீடியோ எடுத்துப் போடாதீர்கள். நான் பின்பக்கம் ஒரு தகர டிரம்மில், அதிகாலையில், கொடியை மடித்து வைத்துச் செய்கிறேன்.

கதருக்கு நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். கதர் சில நிமிடங்களில் எரிந்து வெள்ளைச் சாம்பலாகிவிடும், அதைச் செடிக்குப் போட்டுவிடலாம். பாலியஸ்டர் அப்படி எரிந்து சாம்பலாவதில்லை, உருகுகிறது. கரும்புகையும் நாற்றமும் கிளம்பி, டிரம்மின் அடியில் கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. புதைத்தால் மக்குவதும் இல்லை. பால்கனிகளிலிருந்து வாங்கிய பாலியஸ்டர் கொடிகள் ஒரு பெட்டி நிறைய என் அலமாரியில் இருக்கின்றன. சேகரிக்கும் அமைப்பு ஏதாவது அருகில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் அடுத்த ஜனவரிக்கான கொடிச் செலவை எழுதித் தரச் சொன்னார்கள். கதர் என்றே எழுதிக் கொடுத்திருக்கிறேன். "பி.டி. சார், இந்த விலைக்கு அந்தக் கொடி எத்தனை வாங்கலாம் தெரியுமா?" என்று பொருளாளர் கேட்டார். அலமாரிப் பெட்டியை ஒருமுறை வந்து பார்க்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.